எட்டு வழக்கு கண்ட தலைவர்

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் தோண்டும் பள்ளங்களில் கல்லாகிப் போன நத்தை, சிப்பி, இன்னதென்று பெயர் தெரியாத கடல் பிராணி எல்லாம் கிடைக்கும். கண்ணாடி போட்ட பேராசிரியர்கள் ரயிலேறி வந்து, அவற்றைத் துணியில் சுற்றி எடுத்துப் போய், நீளமான பெயர் சூட்டி அலமாரியில் வைப்பார்கள். அதே பள்ளத்தில், அதே வெயிலில், உயிரோடு நடமாடிய ஓர் இனத்தை மட்டும் அவர்களில் ஒருவரும் குறித்துக்கொண்டு போகவில்லை. அந்தக் குறையைப் போக்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். இனத்தின் பெயர், வழக்குக் கண்ட தலைவர்.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததில்லை என்று சொல்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பார்த்ததில்லை என்று சொல்பவர்களைப் பற்றியும் வரும்.

மற்றவர்கள் பெயருக்குப் பின்னால் பி.ஏ., பி.எல். என்று போட்டுக்கொள்வார்கள். இவர் பெயருக்கு முன்னால் வழக்கைப் போட்டுக்கொள்வார். ‘மூன்று வழக்கு கண்ட முழக்கமே’, ‘ஐந்து வழக்கு கண்ட ஆற்றலே’ என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். பொய் வழக்கா, மெய் வழக்கா என்று யாரும் கேட்பதில்லை. படித்தவனிடம் எந்தக் காலேஜ் என்று கேட்கிறோமா? அதுபோலத்தான். மேடையில் பேச்சு சற்றுத் தொய்ந்தால் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “எம்மேல எத்தனை கேஸ் இருக்குன்னு தெரியுமா?” என்பார். முன்வரிசையில் அதற்கென்றே உட்கார்ந்திருக்கும் ஆள், “ஏழுங்க தலைவரே” என்பான். “ஏழா? நான் எண்றதையே வுட்டுட்டேன்” என்பார் தலைவர். கைதட்டல் அடங்க இரண்டு நிமிடமாகும். எண்ணாதவர், அடுத்த நோட்டீஸில் ஆறு என்று தப்பாக அச்சாகிவிட்டால் கட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த நோட்டீஸ்களை எழுதியவன் நான். பெயர் வேணுகோபால். சுரங்கத்தின் எடைமேடையில் எழுத்தர் வேலை. லாரி மேடையேறி நிற்கும்; எடையைப் பார்த்துச் சீட்டு எழுதுவேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் சங்கத்துக்கும் நானே எழுதினேன். எங்கள் தலைவர் பெயர் ராசாங்கம்.

ராசாங்கத்தின் முதல் வழக்கைப் பற்றி நான் கேலியாக ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். சொன்னால் என் கை விளங்காது. அது அறுபத்தொன்பதாம் வருடம். சுரங்கத்தில் வேலைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அதற்கு முன்னால் அடுத்தவர் காட்டில் களை வெட்டியவர்கள், கடலை பிடுங்கியவர்கள். பண்ணைக்காரர் வந்தால் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பது அவர்கள் கைக்கு ஊறிய பழக்கம். சுரங்கத்துக்கு வந்தும் அதே கைதானே? மேனேஜர் ஜீப் வந்தால் துண்டு இறங்கும். என்ஜினீயர் வந்தால் இறங்கும். கான்டிராக்டரின் மச்சான் சைக்கிளில் வந்தாலும் இறங்கும். கல் உடைக்கிற சாமிக்கண்ணு என்பவரின் மகனாகப் பிறந்து, எட்டாம் வகுப்பு வரை படித்து, தானும் கல் உடைத்துக்கொண்டிருந்த ராசாங்கம் ஒரு நாள் நாற்பது பேரைச் சேர்த்து நிறுத்திச் சொன்னார்:

“தோள்ல கெடக்கற துண்டு தோள்லயே கெடக்கட்டும். எவன் வந்தாலும் எடுக்காதீங்க. கலெக்டரு வந்தாலும் சரி, கோர்ட்டுல ஜட்ஜு உக்காந்திருந்தாலும் சரி.”

மறுநாள் மேனேஜர் ஜீப் வந்தது. நாற்பது பேரும் துண்டோடு நின்றார்கள். சிலருக்குக் கை தானாகத் தோளுக்குப் போயிற்று. இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்கள். ஜீப் நின்றது, பார்த்தது, போய்விட்டது. வானம் இடிந்து விழவில்லை. அன்றைக்குச் சில பேர் துண்டைத் தோளில் போட்டபடியே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று கேள்வி. ஜீப்பை வழிமறித்ததாக ராசாங்கத்தின் மேல் வழக்கு வந்தது. பதினெட்டு நாள் திருச்சி சிறையில் இருந்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து மே மாதம் முதல் தேதி சங்கத்தில் ஆளுக்கொரு நீலக்கரைத் துண்டு கொடுப்பது வழக்கமாயிற்று. அந்த நோட்டீஸை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது உண்மை.

ஒரு வழக்கோடு நிறுத்திக்கொண்டிருந்தால் அவர் மனிதராகவே இருந்திருப்பார். இனத்தில் சேர்ந்திருக்கமாட்டார்.

இரண்டாம் வழக்கு, சங்கத்துக்குள்ளேயே போட்டிச் சங்கம் வைக்கப் பார்த்தவரின் கை ஒடிந்த வழக்கு. மூன்றாவது, லாரிக் கண்ணாடி. நான்காவதற்குள் நல்லதம்பி வந்து சேர்ந்தார். நல்லதம்பி மருதையாற்றுப் புதர்களில் சாராயம் காய்ச்சுபவர். மதுவிலக்கு அமலில் இருந்த காலம் என்பதால் அவருக்குக் கைநிறைய வேலை. அவரும் அவருடைய ஆட்கள் நான்கு பேரும் ‘தொண்டர் படை’ என்ற பெயரில் சங்கத்துக்குள் வந்தார்கள். ஐந்து பேரில் ஒருவரும் சுரங்கத்தில் கல்லைத் தூக்கியதில்லை, எறிந்திருக்கிறார்கள். ஏற்பாடு மிகவும் சுலபமானது. சுரங்க வாசலில் நல்லதம்பியின் சரக்கு விற்பதைப் பற்றிச் சங்கம் கேட்காது. சங்கக் கூட்டத்தில் தலைவரைப் பற்றி யாரும் கேட்காமல் நல்லதம்பி பார்த்துக்கொள்வார்.

இந்த இனத்துக்கு வாய்தா நாள் என்பது திருமழபாடியில் நந்தி கல்யாணத் திருவிழா நடப்பதுபோல. காலையிலேயே இரண்டு லாரியில் ஆட்கள் ஏறுவார்கள். தப்பு அடிப்பவர்கள் ஒரு லாரியில், மாலை இன்னொரு லாரியில். கோர்ட் வாசலில் தலைவர் இறங்கியதும் கோஷம்; உள்ளே போகுமுன் கும்பிடு; கூண்டில் ஏறியதும், தன் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்களைப் பார்ப்பதுபோல எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்வை. சாட்சிகள் ஒவ்வொருவராக வந்து, சம்பவத்தன்று தாம் மாமியார் ஊரில் இருந்ததாகச் சொல்வார்கள். எங்கள் சுரங்கத்தில் சம்பவம் நடக்கிற நாட்களில் எல்லோரும் மாமியார் ஊரில் இருந்தால் கல்லை யார் உடைத்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. வழக்கு தள்ளுபடியாகும். ‘நீதி வென்றது’ என்ற நோட்டீஸ் முன்கூட்டியே அச்சாகி லாரியில் தயாராக இருக்கும். தலைவர் நேரே செட்டிகுளம் போய் முருகனுக்கு மொட்டை போட்டுக்கொள்வார். அவர் தலையில் முடி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்தே, கடைசி வழக்கு முடிந்து எத்தனை மாதமாகிறது என்று நாங்கள் சொல்லிவிடுவோம்.

சாட்சிகளை மிரட்டினார்களா என்றால், இல்லை. நல்லதம்பி மிரட்டி நான் பார்த்ததே இல்லை. சாட்சியின் வீட்டுக்குப் போவார். மோர் கொடுத்தால் குடிப்பார். பிள்ளைகளின் பெயரைக் கேட்பார். “பாப்பா எந்த பஸ்ல பள்ளிக்கூடம் போவுது?” என்பார். “எட்டே முக்கால் பஸ்ஸா, நல்ல பஸ்ஸு” என்று சொல்லிவிட்டு எழுந்து போவார். அவ்வளவுதான்.

இதற்கிடையே இன்னொன்றும் நடந்தது. எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. ராசாங்கம் வந்தால் துண்டு இறங்க ஆரம்பித்தது. மேனேஜருக்கு இறங்காது, கலெக்டருக்கு இறங்காது, ராசாங்கத்துக்கு இறங்கும். கல் சுமக்கும் பெண்கள் வேலைக்காக இடுப்பில் செருகியிருக்கும் முந்தானையை எடுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொள்வார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. போட்டிருந்தால் நோட்டீஸை நான்தானே எழுதியிருப்பேன்? என் தோளில் துண்டு கிடையாது. பேண்ட் சட்டை போடுகிற ஆள். எடைமேடை அறையில் இருப்பது ஒரே நாற்காலி. தலைவர் வாசலில் தெரிந்ததும் எழுந்து, கைக்குட்டையால் அந்த நாற்காலியைத் துடைப்பேன். சுண்ணாம்புத் தூசி அதிகம் பாருங்கள், அதனால்.

எட்டாவது வழக்குக்கு வருகிறேன்.

எழுபத்தெட்டாம் வருடம் தை மாதம் சங்கத்தின் பொதுக்கூட்டம். சங்க விதிப்படி இரண்டு வருடத்துக்கு ஒரு தேர்தல். கடைசித் தேர்தல் நடந்து ஒன்பது வருடமாகியிருந்தது. லோடு ஏற்றும் செல்லமுத்து என்ற முப்பது வயது ஆள் எழுந்து நின்று, “நம்ம சங்கத்துல தேர்தல் எப்பங்க?” என்று கேட்டான். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. பஸ் எப்போது என்று கேட்பதுபோலத்தான் கேட்டான். ஆனால் கேட்கும்போது துண்டு அவன் தோளில் இருந்தது.

தலைவர் சிரித்தார். “நல்ல கேள்வி. உக்காரு” என்றார்.

மூன்றாம் நாள், பகல் பன்னிரண்டரை மணிக்கு, எடைமேடைக்கு எதிரே, என் சன்னலிலிருந்து பத்தடி தூரத்தில், நல்லதம்பி சம்மட்டிக் காம்பால் செல்லமுத்துவின் வலது முழங்காலில் இரண்டு அடி அடித்தார். ராசாங்கம் பக்கத்தில் நின்றிருந்தார். மூன்றாவது அடிக்குக் காம்பு ஓங்கியபோது, “போதும்” என்றார். இரக்கமுள்ளவர். சுற்றிலும் பதினைந்து பேர் நின்றார்கள். புருஷனுக்குக் கஞ்சித் தூக்கு கொண்டுவந்த செல்லமுத்துவின் பெண்சாதி அம்சவள்ளி, வேப்பமரத்தடியிலிருந்து முழுவதையும் பார்த்தாள். அவள் அழுததாக எனக்கு நினைவில்லை. தூக்கைக் கீழே வைத்துவிட்டு, புருஷனை லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள். புகார் எழுதப்பட்டது. ராசாங்கம், நல்லதம்பி இருவர் மேலும் வழக்கு வந்தது. நோட்டீஸில் ஏழை எட்டாக மாற்றினேன்.

அடுத்த வாரம் அம்சவள்ளி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“சார், நீங்க சன்னல்ல நின்னதை நான் பாத்தேன். கோர்ட்டுல வந்து சொல்லுவீங்களா?”

“கால் இனிமே சரியாவுமா?” என்று கேட்டேன். கேள்வி வந்தால் வேறு கேள்வி கேட்பது படித்தவர்களின் வழக்கம்.

“சரியாவாதுங்க. டாக்டர் சொல்லிட்டாரு. நான் காலுக்காக வரலை. ஒடிச்சவன் இன்னாருன்னு அரசாங்கத்துக் காயிதத்துல ஒரு தடவை எழுதி இருக்கணும். அது போதும் எனக்கு. இல்லாட்டி நாளைக்கு எம்புள்ளைங்களுக்கு, ஒங்கப்பன் தானா வுழுந்துட்டான்னு சொல்லிடுவாங்க.”

“பாக்கலாம்மா” என்றேன்.

அன்று சாயங்காலமே நல்லதம்பி வந்தார். மோர் குடித்தார். என் மகள் எந்த பஸ்ஸில் போகிறாள் என்று கேட்டார். எனக்குச் சம்பவ தினத்தன்று கடுமையான கண் வலி இருந்தது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இரண்டு வருடம் வாய்தா மேல் வாய்தாவாக ஓடிய பிறகு, எண்பதாம் வருடம் விசாரணை தொடங்கியது. மாஜிஸ்திரேட் புதியவர்; தெற்கத்திப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த இளைஞர். அதிகம் பேசமாட்டார். எல்லோருடைய கையையும் பார்த்துக்கொண்டிருப்பார். புகார் கொடுத்தவரைத்தான் முதலில் விசாரிப்பது முறை. அன்று அம்சவள்ளி காலுக்காகத் திருச்சி ஆஸ்பத்திரியில் மறுபடி சேர்ந்திருந்த புருஷனுக்குத் துணையாக இருந்ததால், அவர்கள் இருவரையும் அடுத்த வாய்தாவுக்கு வைத்துக்கொண்டு, மற்ற சாட்சிகளைக் கூப்பிட்டார்கள்.

எங்கள் வக்கீல் திருச்சிக்காரர். இந்த முறை மாமியார் ஊர் வேண்டாம், மாஜிஸ்திரேட் புதியவர் என்று சொல்லி, ஒரே வாக்கியத்தை எல்லோருக்கும் பாடமாகக் கொடுத்திருந்தார். ‘எதிரியை எனக்கு யாரென்றே தெரியாது.’ எதிரி என்றால் கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவர். ஆளைத் தெரியாதவன் அடித்ததை எப்படிச் சொல்வான்? அப்பழுக்கில்லாத யோசனை.

முதலில் அய்யம்பெருமாள். பன்னிரண்டு வருடமாகக் கல் உடைப்பவர். துண்டைத் தோளில் போட்டபடி மாஜிஸ்திரேட் முன்னால் நிமிர்ந்து வந்து நின்றார். தலைவர் சொல்லிக்கொடுத்த நிமிர்வு அல்லவா? எங்களுக்கே பெருமையாக இருந்தது.

அரசு வக்கீல் கேட்டார். “எதிரிக் கூண்டுல நிக்கறாரே, அவரைத் தெரியுமா?”

அய்யம்பெருமாள் திரும்பினார். ராசாங்கத்தைப் பார்த்தார். அவருடைய வலது கை எழுந்தது, துண்டை எடுத்தது, இரண்டாக மடித்துக் கக்கத்தில் வைத்தது.

“தெரியாதுங்க” என்றார் அய்யம்பெருமாள்.

மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார். “உள்ள வரும்போது தோள்ல துண்டு இருந்துதே?”

“எந்தத் துண்டுங்க?”

“கக்கத்துல வெச்சிருக்கீங்களே, அது.”

அய்யம்பெருமாள் குனிந்து பார்த்தார். அவர் பொய் சொல்லவில்லை என்று நான் இன்றைக்கும் சத்தியம் செய்வேன். “இது எப்ப இங்க வந்துச்சுன்னு தெரியலைங்களே” என்றார்.

மாஜிஸ்திரேட் ஒரு வரி எழுதிக்கொண்டார். சாட்சி சொல்வதை மட்டுமல்ல, சொல்லும்போது எப்படி இருக்கிறான் என்பதையும் எழுதி வைக்கலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறதாம். எங்கள் வக்கீலுக்கு அது தெரியும்போல. அவருடைய குமாஸ்தா பாய்ந்து வராந்தாவுக்கு ஓடினார். அடுத்த சாட்சி அரியமுத்துவின் துண்டைப் பிடுங்கிக்கொண்டார்.

அரியமுத்து வெறும் தோளோடு வந்தார். தெரியுமா என்ற கேள்வி வந்தது. திரும்பினார். கை தோளுக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. இந்தத் தோளில் இல்லையென்றால் அந்தத் தோளில் இருக்கும் என்று அங்கே போயிற்று. அங்கேயும் இல்லை. கழுத்தைத் தடவியது, முதுகுப் பக்கம் தேடியது. கோர்ட் முழுவதும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் அரியமுத்து, இல்லாத துண்டை எடுத்து, இல்லாத மடிப்பு மடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னார்: “இவரை நான் பாத்ததே இல்லைங்க.”

இன்னொரு வரி எழுதப்பட்டது.

மூன்றாவதாக, “வேணுகோபால், வேணுகோபால், வேணுகோபால்” என்று டவாலி மூன்று முறை கூப்பிட்டார். படிக்காதவர்கள் செய்த தவறைப் படித்தவன் செய்யமாட்டான் என்ற நம்பிக்கையோடு ஏறினேன். என்னிடம்தான் துண்டே இல்லையே? இரண்டு கைகளையும் கூண்டின் விளிம்பில் நன்றாகத் தெரியும்படி வைத்துக்கொண்டேன். ஒரே சங்கத்தில் பதினோரு வருடம் நோட்டீஸ் எழுதியவன் தலைவரைத் தெரியாது என்று சொன்னால் எடுபடாது என்பதால், எனக்கு மட்டும் கண் வலியே போதும் என்று வக்கீல் விட்டிருந்தார்.

“சம்பவத்தன்னைக்கு எனக்குக் கண் வலி சார். ஒண்ணும் தெரியலை. இவர் அங்க இருந்தாரா இல்லையான்னு சொல்ல முடியாது” என்று ராசாங்கத்தைப் பார்த்தபடி சொன்னேன்.

“இப்ப கண்ணு நல்லாருக்கா?” என்றார் மாஜிஸ்திரேட்.

“நல்லாருக்கு சார்.”

“அப்ப உங்க கையைப் பாருங்க.”

பார்த்தேன். என் கையில் கைக்குட்டை இருந்தது. அது சாட்சிக் கூண்டின் விளிம்பை மூலை முடுக்கு விடாமல் துடைத்துக்கொண்டிருந்தது.

அடுத்த வாய்தாவில் செல்லமுத்து வந்தான். வலது கக்கத்தில் ஊன்றுகட்டை. தோளில் நீலக்கரைத் துண்டு. பஸ்ஸில் வரும்போது, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவதாகத்தான் பெண்சாதியிடம் சொன்னானாம். வராந்தாவில் நல்லதம்பி அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, பிள்ளைகளின் பெயரை விசாரித்திருக்கிறார். அம்சவள்ளி தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம் அது.

“லோடு ஏத்தறப்ப கால் வழுக்கிக் கீழ வுழுந்துட்டேங்க” என்றான் செல்லமுத்து. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“எதிரிக் கூண்டுல நிக்கறவரைப் பாருங்க. தெரியுமா?”

செல்லமுத்து திரும்பினான். இடது கை கூண்டின் கம்பியைப் பிடித்திருந்தது. அந்தக் கையாலேயே துண்டை எடுத்திருக்கலாம். ஆனால் தலைவருக்கு முன்னால் இடது கையால் துண்டை எடுப்பது மரியாதை இல்லை. ஆகவே வலது கையை எடுத்தான். ஊன்றுகட்டை சரிந்தது. துண்டு கைக்கு வந்தது. ஆள் கீழே போனான்.

மரப்பலகையில் உடம்பு விழுந்த சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. எல்லா இக்கட்டுகளிலும் தொழிலாளிக்குக் கட்டளையிட்டுப் பழகிய குரல் கூண்டிலிருந்து வந்தது:

“எந்திரிடா செல்லமுத்து.”

“சரிங்க தலைவரே” என்றான், யாரென்றே தெரியாதவரிடம், செல்லமுத்து.

எங்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டே இருந்தார். நான் இதைச் சிரித்துக்கொண்டு சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அன்று அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை.

சத்தம் கேட்டு அம்சவள்ளி உள்ளே வந்துவிட்டாள். வெளியே நில் என்று டவாலி சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. புருஷனைத் தூக்கி நிறுத்தினாள். கட்டையைக் கக்கத்தில் கொடுத்தாள். கீழே கிடந்த துண்டை எடுத்து, இரண்டு உதறு உதறி, அவன் தோளில் போட்டாள். அவன் வெளியே போனதும், அடுத்த சாட்சி அவள்தான் என்பதால், தானே கூண்டில் ஏறினாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கல் தூக்குமுன் செய்வதுபோல.

“இவரைத் தெரியுமா?”

“தெரியும். ராசாங்கம். பக்கத்துல நிக்கறது நல்லதம்பி. அவரு அடிச்சாரு, இவரு நின்னு பாத்தாரு.” எத்தனை அடி, எந்தக் கால், எந்தக் காம்பு, எத்தனை மணி என்று ஒன்று விடாமல் சொன்னாள். ‘போதும்’ என்றதையும் சொன்னாள்.

எங்கள் வக்கீல் எழுந்தார். “ஏம்மா, உன் புருஷனே வழுக்கி வுழுந்தேன்னு சொல்றாரு. நீ அடிச்சாங்கன்றே. எது உண்மை?”

“அவரு வுழுந்தது இப்பதாங்க. நீங்க எல்லாரும்தான் பாத்தீங்களே. அன்னைக்கு வுழலை. அன்னைக்கு அடிச்சாங்க.”

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் சர்டிபிகேட்டும் அவள் சொன்னதற்குப் பொருத்தமாக இருந்தது.

ராசாங்கத்துக்கும் நல்லதம்பிக்கும் மும்மூன்று வருடம் கடுங்காவல் என்று தீர்ப்பு வந்தது. சாட்சிகளின் வாய் தெரியாது என்று சொன்னதையும், கை தெரியும் என்று சொன்னதையும் தீர்ப்பில் தனித்தனிப் பத்தியாக எழுதியிருந்தார்கள். செல்லமுத்துவின் காலை ஒடித்தவன் இன்னார் என்று அரசாங்கக் காகிதத்தில் ஏறிவிட்டது. அம்சவள்ளி நகலுக்கு மனுப் போட்டு வாங்கி, மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

வெளியே ஒரு சின்னக் குழப்பம். இரண்டு லாரிக் கூட்டத்துக்கும் விடுதலைக்கான கோஷம் மட்டுமே பழக்கம். தண்டனைக்கென்று ஒன்று தயாரித்திருக்கவில்லை. நோட்டீஸும் அப்படியே. தலைவரைப் போலீஸ் வேனில் ஏற்றும்போது தப்பு முழங்கியது. என் கையெழுத்தைப் பார்த்து அச்சடித்த ஐந்நூறு நோட்டீஸ் பறந்தது: ‘நீதி வென்றது.’ நான் எழுதியவற்றில் முழுக்க உண்மையானது அது ஒன்றுதான். அந்த வருடம் செட்டிகுளத்தில் மொட்டை இல்லை.

இங்கே முடித்துவிட்டால் நன்றாக இருக்கும். ஆனால் நான் இனத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவன்.

தலைவர் இல்லாத சங்கம் என்ன செய்யும்? எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். தேர்தல் நடத்துகிற வரைக்கும் நான் பொறுப்புச் செயலாளராக இருக்கவேண்டும் என்றார்கள். முறைப்படி இரண்டு தடவை மறுத்தேன். மூன்றாம் தடவை அவர்கள் கேட்காமல் போய்விடுவார்களோ என்று பயமாக இருந்ததால் ஒப்புக்கொண்டேன். இது நடந்து மூன்று வருடமாகிறது. தேர்தலைச் சீக்கிரம் நடத்திவிடவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. வாக்காளர் பட்டியலில் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது.

நான் தொண்டர் படை வைத்துக்கொள்ளவில்லை. சாராயக்காரரைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. யாருடைய பிள்ளை எந்த பஸ்ஸில் போகிறது என்று கேட்டதில்லை. ஆனால் ஒரு நாள் சங்கக் கொட்டகைக்குள் நுழைந்தபோது, யாரோ என் நாற்காலியைத் துண்டால் துடைத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். தூசி இருந்தது. உட்கார்ந்தேன்.

போன மாதம் அம்சவள்ளி வந்தாள், செல்லமுத்துவுக்கு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு வேலைக்குச் சங்கம் சொல்லக் கூடாதா என்று கேட்பதற்காக. நேரே வேலையிலிருந்து வந்திருந்தாள். உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூள். வாசலில் வரும்போது முந்தானை இடுப்பில்தான் செருகியிருந்தது. நாற்காலியில் நான் இருப்பதைப் பார்த்தாள். கை இடுப்புக்குப் போயிற்று. முந்தானையை எடுத்து, இரண்டு தோளையும் போர்த்திக்கொண்டாள்.

மாஜிஸ்திரேட்டுக்கும் ராசாங்கத்துக்கும் முன்னால் செருகியபடி நின்ற முந்தானை அது. அதைச் சொல்லத் தெரியாதவன் அல்ல நான். எனக்குத்தான் முத்து முத்தாக எழுத வருமே. நான் சொன்னது இவ்வளவுதான்: “சொல்லும்மா, என்ன விசயம்?”

என் மேல் இதுவரை ஒரு வழக்கும் இல்லை. உங்கள் மேலும் இருக்காது. சங்கம் கிங்கம் என்று போகாதவராக இருப்பீர்கள். ஆபீஸில் உங்கள் கீழே நான்கு பேர், வீட்டில் மூன்று பேர், அவ்வளவுதான் இருக்கும். நீங்கள் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுபோனால், நம் மேல் எவ்வளவு மரியாதை என்றுதான் உங்களுக்கும் தோன்றும். வழக்கு இல்லை என்பதை வைத்து மட்டும் ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும், உட்காருவதற்கு முன்னால் உங்கள் நாற்காலியை ஒரு தரம் தடவிப் பாருங்கள். தூசி இருந்தால் நிம்மதியாக உட்காரலாம்.